வாயு உறிஞ்சும் கப்பல் தகராறு செய்தால்: ஈவ் ஆன்லைனில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் வாயு மேகங்களை உறிஞ்சி விற்கக் கப்பல் கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த ஃபிட் போட்டா அதிகமா உறிஞ்சும்?" (ஃபிட் என்பது கப்பலில் மாட்டும் கருவிகளின் தொகுப்பு.) கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் எங்களோடு ஆடும் பையன்கள் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கேள்வி மாறிவிடும். "கப்பல் போச்சு", "ஸ்கூப் ஓடலை", "கரண்ட் போயிடுச்சு, என்ன ஆகும்?" திரும்பத் திரும்ப வருவது இவைதான். அதனால் எது பழுதோ அதற்கு நேராகப் போய்ப் பார்க்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

எல்லாம் வென்ச்சர் என்ற சிறிய சுரங்கக் கப்பலை வைத்துத்தான். கருவி மாட்டும் இடங்களில் ஹை ஸ்லாட் மூன்று, அதில் வாயு உறிஞ்சும் கருவியான ஸ்கூப் மாட்டக்கூடியது இரண்டு. மிட் மூன்று, லோ ஒன்று. எடுத்ததைச் சேர்க்கும் மைனிங் ஹோல்டு 5000 கனமீட்டர். வாயு உறிஞ்சும் அளவு இந்தக் கப்பலில் இரட்டிப்பாகும், வார்ப் (வெகுதூரம் பாய்ந்து போவது) ஆகவிடாமல் பிடிப்பவர்களிடமிருந்து நழுவ +2 வார்ப் பலமும் உண்டு. கையில் காசு குறைவாக இருக்கும்போது இதைவிட நல்ல கப்பல் கிடையாது.

"ஸ்கூப் ஓடவே மாட்டேங்குது"

முதலில் தூரத்தைப் பாருங்கள். ஸ்கூப் எட்டுவது 1500 மீட்டர்தான். மேகம் திரையில் பெரிதாகத் தெரிவதால் அதற்குள்ளேயே நிற்கிறோம் என்று கண் ஏமாற்றும். ஓவர்வியூ பட்டியலில் தூரம் எத்தனை என்று பார்த்து, 1000 மீட்டரில் சுற்றி வர ஆர்பிட் கொடுங்கள்.

தூரம் சரி, மேகம் லாக் ஆகவில்லையா, அதாவது குறி பிடிக்கவில்லையா? கிளோக்கிலிருந்து (கப்பலை மறைக்கும் கருவி) இப்போதுதான் வெளியே வந்திருந்தால் சில நொடிகள் எதையும் லாக் செய்ய முடியாது. பொறுங்கள்.

லாக்கும் ஆகிவிட்டது, ஆனாலும் ஓடவில்லை என்றால் என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பாறை வெட்டும் மைனிங் லேசர் வாயுவைத் தொடாது. 'காஸ் கிளவுட் ஸ்கூப்' என்று இருப்பதுதான் வென்ச்சருக்கு. 'காஸ் கிளவுட் ஹார்வெஸ்டர்' என்று இருப்பது பெரிய மைனிங் பார்ஜுகளுக்கு. 2021 டிசம்பர் மாற்றத்தில் இந்த இரண்டையும் பிரித்தார்கள். அதற்கு முந்தைய பழைய வழிகாட்டிகளில் வென்ச்சருக்கே ஹார்வெஸ்டர் என்று எழுதியிருக்கும். அதை நம்பிச் சந்தையில் தப்பானதை வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடைசியில் ஸ்கில். காஸ் கிளவுட் ஹார்வெஸ்டிங் ஸ்கில்லில் லெவல் ஒன்றுக்கு ஒரு ஸ்கூப்தான் ஓடும். லெவல் 1 மட்டும் படித்துவிட்டு இரண்டு ஸ்கூப் மாட்டினால் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும். வென்ச்சருக்கு லெவல் 2 போதும்.

"ஓடுது, ஆனா நிறையவே மாட்டேங்குது"

இதைக் கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எந்த வாயு?" ஏனென்றால் பாதி நேரம் இதில் பழுதே இருக்காது. வாயு வகைகளில் சி-50, சி-60, சி-70 எல்லாம் ஒரு யூனிட் ஒரு கனமீட்டர். சி-540 ஒரு யூனிட்டே 10 கனமீட்டர். வென்ச்சர் நிறைய சி-50 எடுத்தால் 5000 யூனிட், சி-540 எடுத்தால் வெறும் 500. நேற்று எண்ணிக்கை மளமளவென்று ஏறியதைப் பார்த்தவன் இன்று ஒன்றிரண்டாக ஏறுவதைப் பார்த்துப் பதறுவான். யூனிட்டை விட்டுவிட்டு ஹோல்டின் கனமீட்டர்ப் பட்டையைப் பாருங்கள். அது நேற்றைய வேகத்தில் ஏறினால் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

பட்டையும் மெதுவாக ஏறினால் லோ ஸ்லாட்டைக் கழற்றிப் பாருங்கள். அங்கே இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று மைனிங் லேசர் அப்கிரேடு. அது லேசருக்குத்தான், வாயுவுக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை. மற்றது எக்ஸ்பாண்டட் கார்கோஹோல்டு. இதை மாட்டாத புதியவரை நான் பார்த்ததே இல்லை. அது பெரிதாக்குவது சாதாரணக் கார்கோவை, வென்ச்சரில் அது 50 கனமீட்டர். வாயு போய்ச் சேரும் மைனிங் ஹோல்டில் ஒரு சொட்டும் கூடாது. பதிலுக்கு வேகம் குறையும், உடம்பும் பலவீனமாகும். கழற்றி விற்றுவிடுங்கள்.

அப்புறம் ஸ்கில். மைனிங் ஃப்ரிகேட் ஸ்கில்லில் லெவல் ஒன்றுக்கு உறிஞ்சும் நேரம் 5 சதவீதம் குறையும். லெவல் 4 வரை சீக்கிரம் வந்துவிடும்.

அதற்கும் மேல் காசு செலவாகும் இடம். உயர்ந்த ரகமான டெக் 2 ஸ்கூப்புக்குக் காஸ் கிளவுட் ஹார்வெஸ்டிங் லெவல் 5 வேண்டும். வாயுதான் நம் பிழைப்பு என்று முடிவு செய்தவர்களுக்கு அது லாபம், எப்போதாவது போகிறவர்களுக்கு வீண். தலையில் பதிக்கும் 'ஆல்கெமிஸ்ட்' என்ற இம்ப்ளான்ட் 1, 3, 5 சதவீதம் என்று நேரத்தைக் குறைக்கும். ஆனால் பாட் (கப்பல் போனபின் நீங்கள் இருக்கும் கூடு) உடைந்தால் அதுவும் சேர்ந்து போகும். வார்ம்ஹோலில் (திறந்து மூடும் துளை வழியாகப் போகும் ஆபத்தான பகுதி) பாட் உடைவது சகஜம் என்பதால் 5 சதவீதத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் அதற்குமேல் தனி ஆளால் ஆகாது. போர்பஸ் அல்லது ஆர்கா என்ற துணைக் கப்பல் வைத்திருக்கும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் விடும் மைனிங் பர்ஸ்ட் என்ற ஊக்கம் வாயு ஸ்கூப்பின் எட்டும் தூரத்தைக் கூட்டும், சுற்று நேரத்தைக் குறைக்கும்.

"சிபியு பத்தலைன்னு காட்டுது"

கருவிகளை ஓட்டக் கப்பலுக்கு இருக்கும் கணினித் திறன்தான் சிபியு. ஸ்கூப் அதை நிறையத் தின்னும். வாங்கும் முன் ஃபிட்டிங் ஜன்னலில் சிமுலேஷனைப் போட்டுப் பாருங்கள், அதற்குக் காசில்லை. போதவில்லை என்றால் முதலில் சிபியு மேனேஜ்மென்ட் ஸ்கில், லெவலுக்கு 5 சதவீதம். அதற்குள் கிளம்ப வேண்டுமானால் மிட் ஸ்லாட்டில் சிபியு குறைவாகக் கேட்கும், விலை குறைந்த மெட்டா ரகத்துக்கு இறங்குங்கள். லோ ஸ்லாட்டில் சிபியுவைக் கூட்டும் கோ-ப்ராசசர் போடுவது கடைசி வழி, ஏனென்றால் இருக்கும் ஒரே லோ ஸ்லாட்டும் அதற்கே போய்விடும். அந்த இடம் எதற்கு வேண்டும் என்பது அடுத்த தலைப்பில்.

"கப்பல் திரும்பி வரலை"

வாயுக் கப்பலின் வடிவமைப்பு என்பது இதுதான். நான் பார்க்கும் ஃபிட்டுகளில் முக்கால்வாசி, நிறைய உறிஞ்சவும் நின்று அடி தாங்கவும் கட்டியவை. வென்ச்சர் எவ்வளவு கட்டினாலும் அடி தாங்காது. அதைச் சீக்கிரம் கிளம்பக் கட்ட வேண்டும்.

முதலில், கப்பல் உடைந்ததும் வரும் கில்மெயிலைத் திறந்து யார் அடித்தார்கள் என்று பாருங்கள். பிறகு கீழே பிரித்துக்கொள்ளலாம்.

*அடித்தது ஸ்லீப்பர் என்றால்*

ஸ்லீப்பர் என்பது வார்ம்ஹோலில் இருக்கும், ஆட்டமே இயக்கும் எதிரி. கப்பல் மேல் தப்பில்லை, கடிகாரம்தான் காரணம். வார்ம்ஹோலில் இருக்கும் பல வாயுத் தளங்களில் முதல் ஆள் வார்ப் ஆகி வந்த சுமார் 15 முதல் 20 நிமிடத்தில் ஸ்லீப்பர்கள் வந்து இறங்குவார்கள். கவனிக்க வேண்டியது, அது முதல் ஆள் வந்த நேரம். உங்களுக்கு முன்னால் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் உங்கள் 15 நிமிடத்தில் பாதி ஏற்கெனவே போயிருக்கும். மேகம் பாதி குறைந்திருந்தால் யாரோ வந்து போனார்கள் என்று அர்த்தம், அங்கே நிற்க வேண்டாம்.

போனில் 14 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். விலை அதிகமான மேகத்தை முதலில் எடுங்கள். அலாரம் அடித்தால் ஹோல்டு எவ்வளவு நிறைந்திருந்தாலும் கிளம்புங்கள். சி-320, சி-540 கிடைக்கும் 'கோர்' தளங்களில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஸ்லீப்பர்கள் முன்பே காத்திருப்பார்கள். அங்கே போவது சண்டைக் கப்பல்கள் கூட வரும் கூட்டத்தின் வேலை. தனி வென்ச்சர் 'பெரிமீட்டர்' என்று பெயரில் வரும் தளங்களோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

*அடித்தது ஆள் என்றால், வார்ப் அழுத்தியும் கிளம்பவில்லை என்றால்*

வார்ப் ஆகாமல் தடுக்கும் கருவிகளில் சாதாரண டிஸ்ரப்டர் ஒரு புள்ளி, ஸ்கிராம்ப்ளர் இரண்டு. வென்ச்சரின் +2 இருப்பதால் இவற்றில் ஒன்று மட்டும் உங்களைப் பிடித்து வைக்க முடியாது. ஆகவே ஒரே ஆள் வந்து பிடித்துவிட்டான் என்றால் இரண்டில் ஒன்று. அவனிடம் ஒன்றுக்கு மேல் இருந்தது, அல்லது நீங்கள் தாமதமாக அழுத்தினீர்கள். இரண்டாவதுதான் பெரும்பாலும்.

கப்பல் வார்ப் ஆக, போக வேண்டிய திசைக்குத் திரும்பி, உச்ச வேகத்தில் 75 சதவீதத்தைத் தொட வேண்டும். ஏற்கெனவே அந்தத் திசையில் ஓடிக்கொண்டிருந்தால் அழுத்திய உடனே கிளம்பும். ஆனால் அப்படி ஓடினால் 1500 மீட்டரைத் தாண்டிவிடுவீர்கள், ஸ்கூப் நின்றுவிடும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஆகவே மிச்சமிருப்பது திரும்பி வேகமெடுக்கும் நேரத்தை, அதாவது அலைன் நேரத்தைக் குறைப்பது. ஃபிட்டிங் ஜன்னலிலேயே அந்த நொடிக் கணக்கு இருக்கும். ஆட்டத்தின் சர்வர் நொடிக்கு ஒருமுறைதான் கணக்குப் பார்ப்பதால் 3.1 நொடிக்கும் 3.9 நொடிக்கும் வித்தியாசமில்லை, இரண்டும் நாலுதான். 3.1 காட்டினால் இன்னும் கொஞ்சம் இழுத்து 3-க்குக் கீழே கொண்டு வாருங்கள். 3.8 என்றால் அந்தக் காசை வேறெதற்காவது வையுங்கள்.

இங்கேதான் அந்த ஒரே லோ ஸ்லாட். இனர்ஷியல் ஸ்டெபிலைசர் போடுங்கள். ஆர்மர் பிளேட் போட்டிருந்தால் இன்றே கழற்றுங்கள். அது கப்பல் எடையைக் கூட்டி, திரும்புவதை மெதுவாக்கும். கப்பலில் நிரந்தரமாகப் பொருத்தும் ரிக்கும் அலைன் நேரத்துக்கே. மிட் ஸ்லாட்டில் வேகத்தைக் கூட்டும் மைக்ரோவார்ப்டிரைவ் ஒன்று, ஏனென்றால் ஒரு மேகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நிறைய தூரம் கடக்க வேண்டியிருக்கும். மீதி ஷீல்டு.

*பபிள் என்றால்*

பபிள் என்பது ஒரு பரப்பு முழுவதும் வார்ப்பைத் தடுக்கும் குமிழி. அதற்கு +2 எல்லாம் கணக்கில்லை. அதற்குள் இருக்கும்வரை வார்ப் ஆகாது. பபிள் வருவது காவலே இல்லாத நல்செக் பகுதியிலும் வார்ம்ஹோலிலும்தான். மைக்ரோவார்ப்டிரைவைப் போட்டுக் கிட்ட இருக்கும் ஓரத்துக்கு ஓடுங்கள், தப்பினால் தப்பியது. இதை ஃபிட்டால் சரிசெய்ய முடியாது, முன்கூட்டியே பார்த்துக் கிளம்புவதுதான்.

*பார்ப்பது எப்படி*

வார்ம்ஹோலில் லோக்கல் சாட் ஆள் பெயரைக் காட்டாது, அவர்களாகப் பேசினால்தான் தெரியும். கையில் இருப்பது சுற்றியுள்ள கப்பல்களைப் பட்டியலிடும் டி-ஸ்கேன் ஒன்று. முழு வட்டம், 14.3 ஏயு (ஒரு ஏயு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) தூரம். கல்லட்டி இறக்கத்தில் மூடுபனியில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஹாரன் அடிக்கிற மாதிரி, சில நொடிக்கு ஒருமுறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பட்டியலில் தேடும் கருவியான ஸ்கேனர் ப்ரோப் வந்தால் யாரோ தேடுகிறார்கள், கிளம்புங்கள்.

ஆனால் டி-ஸ்கேன் சுத்தமாக இருந்தால் ஆபத்தில்லை என்று இல்லை. கிளோக் போட்டவன் அதில் தெரியமாட்டான். அந்த ஊரிலேயே (நட்சத்திர மண்டலத்திலேயே) இருப்பவன் தளத்தைக் காலையிலேயே ஸ்கேன் செய்து வைத்திருந்தால் இப்போது ப்ரோப் விட வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் இன்னொரு ஜன்னலையும் திறந்து வையுங்கள்: ப்ரோப் ஸ்கேனர் ஜன்னல். வந்ததும் எத்தனை சிக்னேச்சர் (மறைந்த இடங்களின் தடயம்) இருக்கின்றன, எழுத்துகள் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் புதிதாக ஒன்று முளைத்தால் புது வார்ம்ஹோல் திறந்திருக்கலாம், யாராவது உள்ளே வரலாம். எங்கள் பையன்களில் நெடுநாள் கப்பல் இழக்காதவர்கள் எல்லோரும் இந்த ஜன்னலைப் பார்க்கிறவர்கள்தான்.

இவ்வளவும் செய்து, அதே ஊரில் மறுபடி மறுபடி கப்பல் போகிறதென்றால் ஃபிட்டை மாற்றிக்கொண்டிருப்பதில் பலனில்லை. வேட்டையாடுகிறவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். ஊரை மாற்றுங்கள், அல்லது காவலுக்கு ஆள் வைக்கும் கார்ப்பரேஷனில் (ஆட்டக்காரர் குழுவில்) சேருங்கள். ப்ராஸ்பெக்ட் கப்பலுக்குத் தாவலாம் என்பார்கள். அது கிளோக் போட்டபடியே வார்ப் ஆகும், நல்ல கப்பல்தான். ஆனால் உறிஞ்சும்போது கிளோக்கைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? டி-ஸ்கேன் அழுத்தாதவன் ப்ராஸ்பெக்ட் வாங்கினால் விலை கூடிய கப்பலை இழப்பான், அவ்வளவுதான்.

"வந்த வழி மூடிக்கிச்சு"

முதலில், நிஜமாகவே மூடியதா? வந்ததும் அந்த வார்ம்ஹோலை புக்மார்க் செய்யாதவர்களுக்கு வழி மூடாமலே தொலைந்துபோகும். உள்ளே நுழையும் முன் ஷோ இன்ஃபோ பார்த்து, ஆயுள் முடியப் போகிறது, எடை தாங்காது என்று இருந்தால் நுழையாதீர்கள்.

உண்மையாகவே மூடியிருந்தால் வேறு வழி ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்குத்தான் மூன்றாவது ஹை ஸ்லாட்டில் கோர் ப்ரோப் லாஞ்சர். வார்ம்ஹோல் வாயுத் தளங்களே ப்ரோப் விட்டால்தான் கிடைக்கும் என்பதால் இது எப்படியும் வேண்டும். சிலர் ஸ்கேனுக்குத் தனிக் கப்பலில் வந்துவிட்டு, வென்ச்சரில் அந்த இடத்தைக் காலியாக விடுவார்கள். அப்படி மாட்டிக்கொண்டால் சாட்டில் உதவி கேட்பது அல்லது பாட்-ஐ உடைத்துக்கொண்டு ஊர் திரும்புவது, இரண்டே வழி.

"நிறைச்சேன், காசு வரலை"

பெரிய சந்தையான ஜிட்டாவில் அவசரப்பட்டு, அங்கே ஏற்கெனவே கிடக்கும் வாங்கும் ஆர்டருக்கே விற்றிருப்பீர்கள். விற்பனை ஆர்டர் போட்டுப் பொறுங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகும். இடம் குறைய அமுக்கிய (கம்ப்ரஸ் செய்த) வாயுவை அதாநர், டாட்டாரா நிலையங்களில் திரும்ப விரித்தால் கொஞ்சம் சேதாரம் போகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

"நாலரைக்கு உள்ளே போகவே முடியலை"

பழுதில்லை. சர்வரின் தினசரி பராமரிப்பு உலக நேரம் 11 மணிக்கு, நமக்கு மாலை 4.30. டீ குடித்துவிட்டு வாருங்கள். நாலே காலுக்கு வார்ம்ஹோலுக்குள் நுழையாதீர்கள்.

"கரண்ட் போச்சு, கப்பல் என்ன ஆகும்?"

வேறு ஊர்க்காரர்கள் எழுதும் வழிமுறைகளில் இது ஒரு வரிதான் இருக்கும். மலையில் இது தனித் தலைப்பு. கூடலூர்ப் பக்கம் ஆடி மழையிலும், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையிலும் ஒரு கற்பூர மரக்கிளை கம்பியில் விழுந்தால் ராத்திரி ஆட்டம் முடிந்தது.

தொடர்பு அறுந்ததும் உங்களை யாரும் பிடித்து வைக்காதிருந்தால் கப்பல் தானாகச் சுமார் பத்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி வார்ப் ஆகும். சண்டைக் கணக்கு எதுவும் இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும். ஸ்லீப்பர் உங்களைச் சுட்டிருந்தால் 5 நிமிடம் வெளியில் கிடக்கும், ஆட்களோடு சண்டை என்றால் 15 நிமிடம். அதற்குள் ப்ரோப் விட்டால் கண்டுபிடித்துவிடலாம்.

பலரும் கப்பலை இழப்பது அறுந்தபோது அல்ல, திரும்ப வந்தபோது. லாகின் செய்ததும் கப்பல் தானாகவே விட்ட இடத்துக்கு வார்ப் ஆகும், அதாவது அதே மேகத்துக்கு. கரண்ட் வர அரை மணி ஆகியிருந்தால் அங்கே இப்போது ஸ்லீப்பர்கள் நிற்பார்கள். எனவே உள்ளே வந்த கையோடு, அந்த வார்ப் முடியும்போதே, புக்மார்க்குக்கு வார்ப் என்று விடாமல் அழுத்துங்கள். டி-ஸ்கேன், ஹோல்டு எல்லாம் அப்புறம்.

கரண்ட் இருந்தும் அடிக்கடி அறுகிறதா? பிங் அதிகம் என்று சொல்லாதீர்கள். சர்வர் லண்டனில் இருக்கிறது, பிங் இருக்கத்தான் செய்யும். நொடிக்கு ஒருமுறை ஓடும் ஆட்டத்துக்கு அது பொருட்டில்லை. அறுவதுதான் பிரச்சினை. வைஃபையை விட்டு லேன் கேபிள் போட்டுப் பாருங்கள், பழைய கல் சுவர் வீடுகளில் இதிலேயே பாதி தீரும். தீரவில்லை என்றால் அறுந்த அந்த நேரத்தில் ஃபைபர் பெட்டியின் விளக்கைப் பாருங்கள். 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் இழை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் வராது. இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள், இழையை நீங்களே இழுத்துப் பார்க்காதீர்கள்.

விளக்கும் சரியாக இருந்து கரண்ட் மட்டும் போனால் ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு மினி யுபிஎஸ். இரண்டுக்கும் என்பது முக்கியம், ரவுட்டருக்கு மட்டும் போட்டுவிட்டு வைஃபை எரிகிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. லேப்டாப் என்றால் இதோடு முடிந்தது. டெஸ்க்டாப்புக்குத் தனி யுபிஎஸ் வேண்டும். அது கொடுக்கும் சில நிமிடங்கள் ஆட்டத்தைத் தொடர அல்ல, கப்பலைப் பத்திரமான இடத்தில் நிறுத்தி லாக்-ஆஃப் செய்ய.

விளக்கு மங்குவதும் பிரகாசமாவதுமாக இருந்தாலோ, கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தாலோ அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். நியூட்ரலோ எர்த்தோ சரியில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கோளாறு வீட்டுக்கு வெளியே என்று அவர் சொன்னால் லைன்மேன்தான். இடி இடிக்கும்போது பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் கழற்றுங்கள்.

கப்பலைத் திரும்பக் கேட்டு, ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கு டிக்கெட் போடலாமா என்றும் கேட்பார்கள். தப்பு சர்வரில் என்று அவர்கள் பதிவில் இருந்தால் போடுங்கள். நம் வீட்டு ஃப்யூஸ் போனதற்குக் கிடைக்காது. வென்ச்சர் விலைக்கு அந்த டிக்கெட் எழுதும் நேரத்தில் புதிதாக ஒன்றைக் கட்டி முடித்துவிடலாம்.